அலுமினியத்தில் எதைக் கலப்பது: நானோகுழாயா, சிலிக்கன் கார்பைடா, ஒன்றுமே வேண்டாமா?

கோவைக்குப் பக்கத்தில் பேக்கிங் மெஷின் செய்யும் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். மெஷினுக்குள் ஒரு தட்டையான அலுமினியக் கை. 6061-டி6 என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் வெட்டியது, 40 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிமன். பாக்கெட்டைப் பிடித்து, நகர்த்தி, விட்டுவிட்டுத் திரும்பி வருவதுதான் அதன் வேலை. வேகத்தைக் கூட்டினால் கையின் நுனி நடுங்குகிறது. நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்தால் வேகம் கூட்டியதற்குப் பலனே இல்லை.

பட்டறை உரிமையாளர் கேட்டார்: "ஏந் தம்பி, இந்த கார்பன் நானோகுழாய்ங்கறாங்களே, அதை ஒரு பர்சென்ட் கலந்தா அலுமினியம் எஃகாட்ட ஆயிருமாமா? எஃகைவிட நூறு மடங்கு பலம்னு போட்டிருக்கான்."

"தனிக் குழாய்க்கு அது உண்மைதானுங்கண்ணா. ஆனா உங்க கைக்கு வேண்டியது பலமான்னு முதல்ல பார்க்கணும்."

நானோகுழாய் என்பது கார்பன் அணுக்களால் ஆன, கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய குழாய். அன்று பேசியதையும், பிறகு உட்கார்ந்து போட்ட கணக்கையும் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கும் பட்டறைக்காரர்களும், இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வலிமை வேறு, விறைப்பு வேறு

இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதில்தான் பாதிப் பணம் வீணாகிறது. ஒரு கம்பி எவ்வளவு பாரத்தில் நிரந்தரமாக வளைந்துபோகிறது அல்லது அறுகிறது என்பது வலிமை. பாரம் வைத்ததும் எவ்வளவு வளைகிறது, எடுத்ததும் பழையபடி நிமிர்கிறதே, அந்த வளைவு எவ்வளவு குறைவு என்பது விறைப்பு. அந்தக் கை உடையவில்லை, நெளியவும் இல்லை. ஆடுகிறது. அதாவது குறை வலிமையில் இல்லை. விறைப்பில், அதிலும் எடைக்குத் தகுந்த விறைப்பில் இருக்கிறது.

ஒரே வடிவக் கை ஆடும் அதிர்வெண், விறைப்பை அடர்த்தியால் வகுத்த எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதிர்வெண் ஏறினால் நடுக்கம் சீக்கிரம் அடங்கும். அதனால் விறைப்பு எண்ணை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். அலுமினியத்துக்கு 70 ஜிகாபாஸ்கலை 2.7 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 26. எஃகுக்கு 210ஐ 7.85 ஆல் வகுத்தால் 26.7. டைட்டானியம் கலவைக்கும் மக்னீசியத்துக்கும் 26க்குப் பக்கத்தில்தான் வருகிறது. நாலு உலோகங்களும் ஒரே எண்ணில் வந்து நிற்பதை முதன்முறை பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஒரே வடிவத்தில் செய்த கையை அலுமினியத்திலிருந்து டைட்டானியத்துக்கு மாற்றினால் பணம்தான் கரையும், அதிர்வெண் அசையாது.

அதனால் இன்னும் வலிமையான அலுமினியக் கலவையான 7075-டி6 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 6061-டி6 சுமார் 276 மெகாபாஸ்கலில் யீல்டு ஆகும், அதாவது நிரந்தரமாக நெளியத் தொடங்கும். 7075-டி6 சுமார் 500 வரை தாங்கும். பாரம் தாங்காமல் நெளியும் பாகத்துக்கு நான் முதலில் கைவைப்பது இதில்தான். கடையில் தகடாகவே கிடைக்கிறது, சாதாரண டூலில் வெட்டலாம். வெல்டிங்குக்கு ஆகாது, ஈரமும் இழுவிசையும் சேர்ந்தால் விரிசல் விடும் சுபாவம் உண்டு. அதற்கு டி73 என்ற வெப்பப் பதம் இருக்கிறது. ஆனால் இதன் விறைப்பு வெறும் 72 ஜிகாபாஸ்கல். ஆடும் கைக்கு இது மருந்தில்லை.

நானோகுழாய் கலந்தால் கணக்கு என்ன சொல்கிறது

1991இல் ஜப்பானின் என்இசி நிறுவனத்தில் சுமியோ இஜிமா எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் இந்தக் குழாய்களைத் தேடி ஓடியது. சோவியத் ஆய்வாளர்கள் இருவர் 1952லேயே இதுபோன்ற கார்பன் இழைகளைப் படம்பிடித்து வெளியிட்டிருந்தார்கள். தனிக் குழாயின் விறைப்பு சுமார் 1000 ஜிகாபாஸ்கல், அலுமினியத்தைப் போல 14 மடங்கு. 2000இல் பல அடுக்குக் குழாய்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்ததில், வெளி அடுக்கு 11 முதல் 63 ஜிகாபாஸ்கல் வரை தாங்கியது. சாதாரணக் கட்டுமான எஃகு 0.4 பக்கத்தில். "நூறு மடங்கு" என்ற பேச்சு பொய்யில்லை.

இப்போது கன அளவில் ஒரு சதவீதம் கலக்கிறோம். எல்லாக் குழாயும் கையின் நீளவாக்கில் பாய் விரித்ததுபோல நேராகப் படுத்திருக்கிறது, ஒவ்வொன்றும் உலோகத்தோடு முழுதாக ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் விறைப்பு 70லிருந்து 79 ஆகும். அதிர்வெண் 6 சதவீதம் ஏறும். நடைமுறையில் அவை எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும். அப்போது பயன் ஐந்தில் ஒரு பங்குதான் என்பது வழக்கமான கணக்கு. விறைப்பு 71, அதிர்வெண் ஒரு சதவீதம்கூட ஏறாது. அளந்து பார்த்தால் கருவியின் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும்.

கெய்ரோவில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அமல் எசாவி குழுவினர் எடையில் 5 சதவீதம் வரை கலந்து, சுத்த அலுமினியத்தைவிட இழுவலிமையில் 50 சதவீதமும் விறைப்பில் 23 சதவீதமும் கூடியதாக 2010இல் வெளியிட்டார்கள். கவனமான வேலை அது. ஆனாலும் ஒப்பீடு சுத்த அலுமினியத்தோடு. சுத்த அலுமினியம் மிக மென்மையானது. நாம் கடையில் வாங்கும் 6061-டி6 அதைப்போலப் பல மடங்கு வலிமையானது. ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது "எதைவிட 50 சதவீதம்?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

ஏன் கலக்க மறுக்கிறது

ஒரு லிட்டர் ஜாடி நிறைய இந்தப் பொடியை வைத்தால் எடை நூறு கிராமுக்கு உள்ளேதான் வரும். கரிப்புகைபோல அவ்வளவு லேசு. ஆனால் அதில் ஒரு கிராமின் மேற்பரப்பை விரித்தால் 200, 300 சதுர மீட்டர் வரும். அவ்வளவு பரப்பும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளத் துடிக்கிறது. சொல்லப்போனால் நிஜமான இடியாப்பச் சிக்கல். பத்து நானோமீட்டர் தடிமனும் அதைப்போல நூறு மடங்குக்கு மேல் நீளமும் உள்ள இழைகள் பந்துபந்தாகச் சுருண்டு கிடக்கின்றன.

நம் ஊர்க் கல்லூரிகளில் அதிகம் நடப்பது ஸ்டிர் காஸ்டிங். அலுமினியத்தை உருக்கி, கலக்கியை ஓடவிட்டு, சுழியில் பொடியைக் கொட்டுவது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஆய்வகத்தில் நானும் நின்று பார்த்தேன். கொட்டிய பொடி உள்ளே போகவே இல்லை. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுமே, அதுமாதிரி உருகிய உலோகம் கரியைத் தள்ளிவிட்டது. பாதி மேலே மிதந்து கசடோடு வழிக்கப்பட்டது, சிவந்து எரிந்தும் போனது. வார்த்த துண்டை அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது கறுப்புத் திட்டுகள். அருகில் போனால் ஒவ்வொரு திட்டின் நடுவிலும் வெற்றிடம். வலுவூட்டப் போட்ட பொருளே ஓட்டையாக மாறியிருந்தது.

காரணம் அப்போதே தெரிந்ததுதான். நானோகுழாயை எந்தத் திரவம் நனைக்கும் என்று 1994லேயே அளந்திருக்கிறார்கள். எல்லை 100க்கும் 200 மில்லிநியூட்டன்/மீட்டருக்கும் இடையில் எங்கோ இருக்கிறது, திரவத்தின் பரப்பு இழுவிசை அதற்குக் கீழே இருந்தால்தான் நனைக்கும். தண்ணீர் 72, அதனால் நனைக்கிறது. உருகிய அலுமினியம் 860க்கு மேல். எவ்வளவு நேரம் கலக்கினாலும் இந்த எண் மாறாது.

அப்படியே வெப்பத்தைக் கூட்டி நனைய வைத்தால் இன்னொரு சிக்கல் பிறக்கிறது. அலுமினியமும் கார்பனும் சேர்ந்து அலுமினியம் கார்பைடு ஆகும். குழாயின் முனைகளில் கொஞ்சமாக உண்டானால் நல்லதுதான், ஆணி அடித்ததுபோலப் பிடித்துக்கொள்ளும். அதிகமானால் குழாயையே தின்றுவிடும், பொருள் நொறுங்கும். போதாததற்கு இந்தக் கார்பைடு ஈரத்தோடு சேர்ந்து மீத்தேனும் அலுமினியம் ஹைட்ராக்சைடுமாகச் சிதைகிறது. ஈரக் காற்றில் கிடக்கும் பாகத்துக்குள் இது இருப்பது நல்லதல்ல.

ஆகவே சரியான பாதை உருக்காமல் போவது. அலுமினியப் பொடியையும் குழாயையும் பால் மில்லில், அதாவது உருண்டைகள் உருண்டு அரைக்கும் இயந்திரத்தில் போட்டு ஆர்கான் வாயுவில் அரைத்து, அழுத்தி, சூட்டில் இறுக்கி, கடைசியில் எக்ஸ்ட்ரூஷன் செய்வது, அதாவது அச்சுத் துளை வழியே கம்பியாகத் தள்ளுவது. எக்ஸ்ட்ரூஷன் குழாய்களை ஓரளவு நீளவாக்கில் திருப்பியும் விடும். அதிகம் அரைத்தால் குழாய் துண்டு துண்டாக உடையும், குறைத்து அரைத்தால் சிக்கல் பிரியாது. ராமன் நிறமாலையில் (லேசர் ஒளிச் சிதறலில்) சேதத்தைக் காட்டும் 1350 பக்கத்து முகடும் ஒழுங்கான கார்பனைக் காட்டும் 1580 பக்கத்து முகடும் எந்த விகிதத்தில் நிற்கின்றன என்று பார்த்துத்தான் சேதத்தைக் கணிக்கிறார்கள்.

நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்று. குழாய் போடாத அலுமினியப் பொடியையும் அதே மில்லில், அதே நேரம், அதே உருண்டைகளோடு அரைத்து அதே வழியில் ஒரு துண்டு செய்யுங்கள். அந்த ஆய்வகத்தில் பிறகு பால் மில் வழியில் செய்த துண்டின் கடினத்தன்மை நன்றாக ஏறியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். வெறும் பொடியை அரைத்துச் செய்த துண்டைச் சோதித்தபோது அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறியிருந்தது! அரைப்பதால் உலோகத்தின் மணிகள் நுணுகுகின்றன, எல்லைகள் பெருகுகின்றன, பொடியின் மேல் இருந்த ஆக்சைடுத் தோல் உடைந்து உள்ளே தூவப்படுகிறது. வலிமையில் பெரும்பங்கு அங்கிருந்து வந்துவிடுகிறது. குழாயின் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஒப்புத் துண்டு மட்டுமே சொல்லும். அது இல்லாத கட்டுரையைப் பார்த்தால், எவ்வளவு பெரிய சதவீதம் போட்டிருந்தாலும் நான் முடிவெடுக்க அதைப் பயன்படுத்துவதில்லை.

சிலிக்கன் கார்பைடு

சாணைக்கல்லில் இருக்கும் அதே பொருள். நானோகுழாயின் கவர்ச்சி இதற்குக் கிடையாது. ஆனால் விறைப்பு 400 ஜிகாபாஸ்கலுக்கு மேல், விலை குறைவு, மைக்ரான் அளவுத் துகள் என்பதால் சிக்காது, ஒரு சதவீதம் என்றில்லாமல் 20 சதவீதம் தாராளமாகக் கலக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். 20 சதவீதம் கலந்தால் விறைப்பு 100 ஜிகாபாஸ்கலைத் தொடும், அடர்த்தி 2.8. வகுத்தால் 35க்கு மேல். அதே வடிவக் கையின் அதிர்வெண் 17 சதவீதம் ஏறுகிறது. தேய்மானத்திலும் இதற்கு நிகர் குறைவு. 1996இல் வந்த முதல் லோட்டஸ் எலிஸ் காரின் பிரேக் தட்டே அலுமினியம், சிலிக்கன் கார்பைடு கலவையில் செய்ததுதான். மின்சார ரயில், மின்கார் இவற்றின் இன்வெர்ட்டர்களில் குறைக்கடத்திச் சில்லுகளைத் தாங்கும் அடித்தட்டுகளில் சிலிக்கன் கார்பைடு பாதிக்கு மேல் இருக்கும். சூட்டில் அதிகம் விரியாது, வெப்பத்தையும் கடத்தும்.

இதிலும் உருக்கும்போது அலுமினியம் கார்பைடு வரும். அதைத் தடுக்கத்தான் சிலிக்கன் அதிகமுள்ள ஏ356 போன்ற வார்ப்புக் கலவைகளை எடுக்கிறார்கள். உருகலில் ஏற்கனவே சிலிக்கன் நிறைந்திருந்தால் எதிர்வினை முன்னே போகாது. இந்தச் சுலபமான தடுப்பு நானோகுழாய்க்கு இந்த அளவு வாய்க்கவில்லை, அதன் மேற்பரப்பு அவ்வளவு பெரியது.

இதன் வேதனை லேத்தில் தெரியும். சாதாரண டங்ஸ்டன் கார்பைடு வெட்டுமுனை சில நிமிடங்களில் மழுங்கிவிடும். வைர டூல்தான் வேண்டும். எம்4 மரை ஒன்று போடுவதே பெரும்பாடு, மரை வெட்டும் டேப் உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டால் ஜாப் போச்சு. நீட்சியும் வெகுவாகக் குறையும், தட்டினால் வளையாமல் உடையும்.

கார்பன்தான் வேண்டுமென்றால்

உரிமையாளருக்கு கார்பன் மேலேயே மனசு இருந்தது. அப்படியானால் உலோகத்தில் குழாயாக இல்லாமல் ரெசினில் நூலாக எடுங்கள் என்றேன். கார்பன் ஃபைபரை நீளவாக்கில் மட்டும் அடுக்கிய தகட்டின் விறைப்பு 130 ஜிகாபாஸ்கலுக்கு மேல், அடர்த்தி 1.6. வகுத்தால் 80ஐத் தாண்டும். உலோகங்களின் 26க்கு முன்னால் இது வேறு உலகம். நானோகுழாய் தரமுடியாததை இது ஏன் தருகிறது என்றால், நூல் அறுபடாமல் நீளமாக ஓடுகிறது, திசை நம் கையில், கன அளவில் பாதிக்கு மேல் நூலே. குறை என்னவென்றால், அலுமினியத்தோடு நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும், இடையில் கண்ணாடி இழை அடுக்கு வேண்டும். போல்ட் போடும் இடத்தில் உலோகத் துண்டு ஒட்ட வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் வைக்கவும் யோசிக்க வேண்டும்.

நானோகுழாய் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம்

இந்தப் பொருள்மேல் எனக்கு ஆசை உண்டு. அதனால்தான் அதை அதன் இடத்தில் வைத்துப் பேச விரும்புகிறேன்.

முதல் இடம் சூடு. 6061, 7075 இரண்டின் வலிமையும் வெப்பப் பதத்தில் உண்டான நுண்படிவுகளிலிருந்து வருகிறது. 200 டிகிரியில் நாள்கணக்கில் வைத்தால் அந்தப் படிவுகள் தடித்து, வலிமை கரைந்துவிடும். நானோகுழாய் அலுமினியத்தில் கரையாது, தடிக்காது. 1998இல் ஜப்பானில் குசுமாகி குழுவினர் செய்த ஆரம்பகாலச் சோதனையிலேயே இது தெரிந்தது. 600 டிகிரியில் நெடுநேரம் வைத்தபின் சுத்த அலுமினியத்தின் வலிமை சரிந்தது, குழாய் கலந்தது அப்படியே நின்றது. அறை வெப்பநிலையில் கிடைத்த சதவீதங்களைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இரண்டாவது செம்பு. செம்பு கார்பனோடு கார்பைடு ஆவதில்லை, அந்தத் தலைவலி இல்லை. தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தில் 2005இல் செம்பு உப்புக் கரைசலிலேயே குழாய்களைக் கலந்து, பிறகு உலோகமாக்கினார்கள். 10 சதவீதக் குழாயில் யீல்டு 455 மெகாபாஸ்கல், அவர்களின் வெறும் செம்பைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வு நிறுவனம் 2013இல் செய்த செம்பு, குழாய்க் கலவையில் பாதியளவு குழாய்தான். மின்கடத்தல் செம்புக்கு அருகில், எடை செம்பில் ஆறு பங்கு இருந்தால் இதில் நாலு பங்குக்கும் குறைவு, தாங்கும் மின்னோட்ட அடர்த்தி மட்டும் நூறு மடங்கு. நுண்சில்லுகளின் இணைப்புக் கம்பிகளுக்கு இது தேவையான குணம். பேக்கிங் மெஷினின் கைக்கு அல்ல.

ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் குழாயை வைத்து ஸோஸ் நிறுவனம் ஸென்டாலியம் என்ற பெயரில் குழாய் கலந்த அலுமினியம் செய்தது. பேயர் 2013இல் நானோகுழாய்த் தொழிலையே நிறுத்திவிட்டது. இன்றைக்கு டன் கணக்கில் விற்கும் குழாய்கள் பெரும்பாலும் லித்தியம் பேட்டரியின் மின்முனைகளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகின்றன.

டமாஸ்கஸ் வாளில் நானோகுழாய் இருந்ததே, நம் தென்னாட்டு உருக்குதானே அது என்று மாணவர்கள் கேட்பார்கள். 2006இல் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றின் துண்டை அமிலத்தில் கரைத்தபோது குழாய் வடிவங்களைக் கண்டதாக வெளியிட்டது உண்மை. உருக்கு இங்கிருந்து போனதும் நாம் பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் வாளின் கூர்மைக்கு அந்தக் குழாய்கள்தான் காரணம் என்று அந்தத் துண்டு நிரூபிக்கவில்லை. கார்பைடு வரிசைகளையும் கொல்லர்களின் வெப்பக் கணக்கையும் மறந்துவிட்டு எல்லாப் புகழையும் குழாய்க்குக் கொடுப்பது அந்தக் கைகளுக்கே செய்யும் அநியாயம்.

பட்டறைக்குள் இந்தப் பொடி

இதில் எனக்குச் சமரசம் கிடையாது. நீளமான, விறைப்பான பல அடுக்குக் குழாய்கள் எலிகளின் உடலில் கல்நார்போல நடந்துகொண்டதை 2008இல் காட்டினார்கள். எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற ஒரு வகையை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு உள்ளது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மைக்ரோகிராம். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு மேசைமேல் எடைபோடும் பொடி இல்லை இது. மூடிய பெட்டி, ஹெப்பா வடிகட்டி, சரியான முகமூடி, ஈரத்துணியால் துடைப்பது, இவை இல்லாத ஆய்வகத்தில் மாணவர்களை இதைத் தொடவிடாதீர்கள். நுண்ணிய அலுமினியப் பொடி காற்றில் பறந்தால் வெடிக்கும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

கை என்ன ஆனது

கடைசியில் ஒன்றும் கலக்கவில்லை. கைக்கு மேலேயும் கீழேயும் 2 மில்லிமீட்டர் இடம் இருந்தது. 10 மில்லிமீட்டர் தட்டையை 14 மில்லிமீட்டர் உயர ஆங்கில I வடிவமாக மாற்றி, மேலும் கீழும் 4 மில்லிமீட்டர் பட்டை விட்டு, நடுவில் இரு பக்கமும் குடைந்தெடுக்கச் சொன்னேன். குறுக்குவெட்டின் பரப்பு அதே 400 சதுர மில்லிமீட்டர், எடை அதே. வளைவுக்கு எதிரான விறைப்பு 2.6 மடங்கு, அதிர்வெண் கணக்குப்படி 60 சதவீதம் மேலே. அதே 6061, அதே விஎம்சி (கணினி மில்லிங் மெஷின்), கொஞ்சம் கூடுதல் ஓட்டம். இடம் கிடைக்காமல் போயிருந்தால் சிலிக்கன் கார்பைடைச் சொல்லியிருப்பேன், அதுவும் மரைக்கு எஃகுச் செருகு வைத்து.

ஹீட்டர் பக்கத்தில், பாக்கெட்டைச் சூட்டால் ஒட்டும் சீலிங் ஜாவைத் தாங்கும் பிராக்கெட் ஒன்றும் இருக்கிறது. மாதக்கணக்கில் சூட்டில் நின்று மரை இளகிப்போகிறது என்று அவர் காட்டினார். குழாய் கலந்த அலுமினியம் பொருந்தக்கூடிய பாகம் என்றால் அந்த மெஷினில் அது ஒன்றுதான். ஆனால் அதற்கும் இப்போதைக்கு 2618 என்ற அலுமினியக் கலவையைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கான்கார்ட் விமானத்தின் தோலே அந்த வகைதான், சூட்டில் நிற்பதற்கென்றே செய்தது. குழாய் கலந்த எக்ஸ்ட்ரூஷன் கம்பியை ஒப்புத் துண்டின் சோதனைத் தாளோடு யாராவது கொடுத்தால், முதல் பிராக்கெட்டை அதில் வெட்டிப் பார்க்க அவரும் தயார், நானும் தயார்.